சிறு அளவு நால்ட்ரெக்சோன்: தொடங்குவது முதல் நிறுத்துவது வரை

நால்ட்ரெக்சோன் 50 மி.கி. மாத்திரையாக வரும் மருந்து. ஹெராயின், மார்ஃபின் பழக்கத்திலிருந்து மீண்டவர் மறுபடி அதில் விழாமல் இருக்கவும், மதுவை விட நினைப்பவருக்குக் குடிக்கும் ஆசை தணியவும் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் முதல் பயனுக்கு 1984லும் இரண்டாவதற்கு 1994லும் அனுமதி கிடைத்தது. அதே மருந்தை நாள்பட்ட வலி போன்ற வேறு நோய்களுக்காகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, நாளுக்கு 0.5 முதல் 4.5 மி.கி. வரை எடுப்பதுதான் சிறு அளவு நால்ட்ரெக்சோன். நோயாளிகள் எல்டிஎன் என்று சுருக்கிச் சொல்வார்கள்.

சிங்கப்பூரில் இந்த மருந்தின் பெயரைக் கேட்டதும் வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவது இயல்பு. ஹெராயின், மார்ஃபின், கோடீன் வகையைக் குறிக்கும் ஓபியாய்டு என்ற சொல் வந்தாலே போதைப்பொருள் சட்டம் நினைவுக்கு வரும். ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகச் சப்யூடெக்ஸ் என்ற பெயரில் இருந்த பூப்ரெனார்ஃபின் 2006 ஆகஸ்டில் ஏ பிரிவுப் போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டதைப் பலர் மறக்கவில்லை. நால்ட்ரெக்சோன் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. செல்லின் மேல் ஓபியாய்டு போய் உட்காரும் இடமான ஏற்பியில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்து கதவை அடைத்துவிடும். போதை தராது, பழக்கமாகாது, நிறுத்தினால் உடல் கேட்டு அடம்பிடிக்காது. ஆனால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. எல்டிஎன் எடுக்கும் நோய்கள் எதற்கும் அதிகாரபூர்வ அனுமதியும் இல்லை. அனுமதிக்கப்பட்ட பயனுக்கு வெளியே, மருத்துவர் தம் பொறுப்பில் எழுதித் தருகிறார்.

உடலில் என்ன செய்கிறது

நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்துவந்த பெர்னார்ட் பிஹாரி என்ற மருத்துவர் 1980களின் நடுவில் இந்தச் சிறு அளவைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதே காலத்தில் பென்சில்வேனியாவில் இயன் சாகோன் ஆய்வுக்கூடத்தில் இதை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது எழுந்த விளக்கம் இது: இரவில் சில மணி நேரம் மட்டும் ஏற்பியை அடைத்தால், உடல் தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைக் கூடுதலாகச் சுரக்கும், ஏற்பிகளும் பெருகும். மருந்து கழிந்ததும் அந்தக் கூடுதல் உடலுக்குப் பயன்படும். நால்ட்ரெக்சோனின் அரைஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகும் நேரம், சுமார் 4 மணி நேரம். கல்லீரல் அதை மாற்றித் தரும் பொருளுக்குச் சுமார் 13 மணி நேரம். அளவு சிறியதாக இருந்தால்தான் அடைப்பு சில மணி நேரத்தோடு முடியும். 50 மி.கி. எடுத்தால் 24 மணி நேரமும் அடைபட்டிருக்கும்.

இரண்டாவது விளக்கம் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு செல்களுக்குத் துணையாக உள்ள கிளையல் செல்களைப் பற்றியது. அவை கிளர்ந்தெழுந்து அழற்சிப் பொருள்களைச் சுரந்தபடி இருந்தால் காயம் ஆறிய பிறகும் வலி ஓயாது. நால்ட்ரெக்சோன் அந்தச் செல்களின் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியையும் தடுத்து அவற்றை அடக்குகிறது என்பது அந்தக் கருத்து. இரண்டுக்கும் ஆய்வுக்கூட ஆதாரம் உண்டு. மனித உடலில் எது எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை.

எந்த நோய்க்கு எவ்வளவு நம்பலாம்

உடல் முழுவதும் நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியாவில்தான் பேச்சு அதிகம். ஸ்டான்ஃபோர்டில் ஜாரட் யங்கர் குழு 2009ல் 10 பேரிடமும், 2013ல் 31 பெண்களிடமும் 4.5 மி.கி. கொடுத்துப் பார்த்தது. இரண்டாவது சோதனையில் மருந்து எடுத்த காலத்தில் வலி 28.8 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்த காலத்தில் 18 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் உண்மையானது, ஆனால் பெரியதல்ல. வெற்று மாத்திரையே 18 சதவீதம் குறைத்தது என்பதை மனத்தில் வையுங்கள். பிறகு டென்மார்க்கில் 99 பெண்களிடம் 12 வாரம் 6 மி.கி. கொடுத்து நடத்திய சோதனையில் வலிக்குத் தெளிவான பயன் காணவில்லை. நினைவாற்றல் சிரமம் சற்றுக் குறைந்ததற்கு ஓர் அறிகுறி மட்டும் தெரிந்தது.

குடல் அழற்சி நோயான கிரோன் நோயில் ஜில் ஸ்மித் குழு 2011ல் 40 பேரிடம் செய்த சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 88 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதமும் முன்னேறினார்கள். எண்ணிக்கை சிறியது என்பதால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் ஆய்வாளர்கள் 2018ல் ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ள 80 பேரிடம் கலிஃபோர்னியாவில் நடந்த 2010 சோதனையில் மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது. அதே ஆண்டு ஈரானில் வந்த முடிவில் வித்தியாசம் இல்லை. ஹெய்லி-ஹெய்லி என்ற அரிய பரம்பரைத் தோல் நோயில் தனித்தனி நோயாளிகள் தேறியதாகக் குறிப்புகள் உண்டு. தைராய்டு, நாள்பட்ட சோர்வு ஆகியவற்றுக்கு நோயாளிகளின் அனுபவம்தான் பெரும்பாலும் கையில் இருக்கிறது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி கீமோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, தள்ளிப்போட்ட நாள் திரும்பி வராது.

எங்கள் கருத்து இது: வேறு நல்ல சிகிச்சை இருக்கும் நோய்க்கு எல்டிஎன் முதல் தெரிவாக இருக்கக்கூடாது. வழக்கமான மருந்துகளை முறையாகப் பார்த்துப் பலனில்லாமல் போன நாள்பட்ட வலிக்கு, மூன்று மாதம் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு இது பாதுகாப்பானது.

படி 1: வீட்டிலுள்ள மருந்துகளை மேசையில் பரப்புங்கள்

எல்டிஎன்னால் வரும் பெரிய ஆபத்து பெரும்பாலும் அதோடு சேர்த்து விழுங்கிய இன்னொரு மாத்திரையால் வருவதுதான். ஆகவே மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே இந்த வேலையை முடியுங்கள்.

நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதில் பாதி கத்தரித்த மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் உறைகள், போன முறை சென்னையிலிருந்து அத்தை கொண்டுவந்த முட்டிவலி மாத்திரை, மூடியில் காய்ந்து ஒட்டிய இருமல் மருந்து. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அட்டையின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். வணிகப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரைத் தேடுங்கள். கோடீன், டிராமடால், டபென்டடால், ஆக்ஸிகோடோன், மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், பூப்ரெனார்ஃபின், டைஹைட்ரோகோடீன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அதைத் தனியாக வையுங்கள்.

பேனடீனைச் சாதாரணப் பேனடால் என்று எண்ணித் தவறு செய்பவர்கள் உண்டு. பேனடீனில் பாராசிட்டமாலோடு 8 மி.கி. கோடீன் இருக்கிறது. அல்ட்ராசெட்டில் 37.5 மி.கி. டிராமடால். முதுகுவலிக்குத் தோலில் ஒட்டும் பட்டையில் ஃபென்டனிலோ பூப்ரெனார்ஃபினோ இருக்கலாம், ஒட்டியதையே மறந்துபோகிறவர்களும் உண்டு. சாதாரணப் பேனடால், ஐபுப்ரோஃபென், ஆர்கோக்ஸியா ஆகியவை ஓபியாய்டு இல்லை, எல்டிஎன்னோடு மோதாது. டெங்கிக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுப்பதிலும் தடையில்லை.

தனியாக எடுத்துவைத்த மருந்தை அண்மையில் எடுத்திருந்தால் எல்டிஎன் உடனே தொடங்கக்கூடாது. 50 மி.கி. நால்ட்ரெக்சோனுக்கான வழக்கமான விதி 7 முதல் 10 நாள் ஓபியாய்டு இல்லாத இடைவெளி. மெத்தடோன், பூப்ரெனார்ஃபின் எடுத்தவருக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். தினமும் ஓபியாய்டு எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்திவிட்டு இதற்கு மாறக்கூடாது. குறைக்கும் வேகத்தை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கு இந்த மருந்தே வேண்டாம்.

கசகசா பற்றியும் கேட்பார்கள். அதில் மார்ஃபின் சுவடு இருக்கலாம் என்பதால்தான் சிங்கப்பூருக்குள் கொண்டுவர மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாடு இருக்கிறது. ஊருக்குப் போயிருக்கும்போது குருமாவில் அரைத்த ஒரு தேக்கரண்டியால் எல்டிஎன் எடுப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

படி 2: மருத்துவரிடம் கேட்பது

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முதல் முறையே எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைப்படி சிகிச்சை தர வேண்டும் என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் நெறிமுறை சொல்கிறது. ஆதாரம் மெலிந்த மருந்துக்கு மருத்துவர் தயங்குவது நியாயமே. உங்கள் நோயைத் தொடர்ந்து கவனிக்கும் வலி சிகிச்சை நிபுணர், வாதநோய் நிபுணர் அல்லது நரம்பியல் நிபுணரிடம் பேச்சை எடுப்பது நல்லது. இதுவரை எடுத்த மருந்துகள், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனால் அந்தப் பத்து நிமிடச் சந்திப்பு வீணாகாது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை: கல்லீரல் நோய் (ஹெபடைடிஸ் பி உட்பட), சிறுநீரகக் குறைபாடு, கர்ப்பம் அல்லது பாலூட்டல், மனச்சோர்வு, உறுப்பு மாற்று, முன்பு எப்போதாவது இருந்த போதைப் பழக்கம், வரப்போகும் அறுவை சிகிச்சை. எடை குறைக்க கான்ட்ரேவ் எடுத்தால் அதையும் சொல்லுங்கள், அதன் ஒவ்வொரு மாத்திரையிலும் 8 மி.கி. நால்ட்ரெக்சோன் இருக்கிறது. கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை அண்மையில் செய்யவில்லையென்றால் தொடங்குவதற்கு முன் செய்துவிடுவது உத்தமம். தைராக்ஸின் எடுப்பவர் தைராய்டு அளவையும் பார்த்துக்கொண்டு தொடங்கி, சில வாரம் கழித்து மறுபடி பார்க்கட்டும்.

இணையத்தில் சீட்டில்லாமல் விற்கும் மாத்திரையை வாங்காதீர்கள். சுகாதார அறிவியல் ஆணையம் இதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. 4.5 மி.கி. என்று எழுதிய குப்பிக்குள் 50 மி.கி. இருந்தாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

படி 3: மருந்து எந்த வடிவில்

50 மி.கி. மாத்திரைதான் வழக்கமாகக் கிடைக்கிறது. அதைக் கத்தியால் பத்துத் துண்டாக்கினால் ஒரு துண்டில் 2 மி.கி., அடுத்ததில் 8 மி.கி. என்று வரும். அப்படிச் செய்ய வேண்டாம். தனிப்பட்ட முறையில் மருந்து கலந்து தரும் மருந்தகத்தில் 1.5, 3, 4.5 மி.கி. கேப்ஸ்யூலாகவோ, ஒரு மி.லி.க்கு 1 மி.கி. உள்ள திரவமாகவோ வாங்குவதுதான் சரி. மெதுவாகக் கரையும் வகை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அடைப்பு சீக்கிரம் முடிவதுதான் இங்கே நோக்கம். விலையை முன்கூட்டியே கேளுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

சில மருத்துவர்கள் 50 மி.கி. மாத்திரையையே கொடுத்து 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைக்கச் சொல்வார்கள். மருந்தாளுநர் நேரில் செய்துகாட்டிய பிறகே இதைச் செய்யுங்கள். மாத்திரையை அளவு குறித்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, 50 மி.லி. கோடுவரை நீர் விட்டு, முழுவதும் உதிர்ந்த பிறகு நன்றாகக் குலுக்குங்கள். நால்ட்ரெக்சோன் நீரில் எளிதில் கரையும். அடியில் படியும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் மாத்திரையை உருவாக்கச் சேர்த்த நிரப்புப் பொருள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் குலுக்கிய பிறகே எடுங்கள். பாட்டிலில் மருந்தின் பெயர், "1 மி.லி. = 1 மி.கி.", கலந்த தேதி மூன்றையும் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல் தட்டில் வையுங்கள். மருந்தாளுநர் சொன்ன நாளுக்குமேல் வைக்காதீர்கள். நாள் முடியும்போது பாட்டிலில் மீதம் இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வீட்டில் கலந்த நீரில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை.

அளக்கும்போது விளக்குக்கு நேரே கண்மட்டத்தில் பிடியுங்கள். வாய்வழி ஊசிக்குழலின் பிஸ்டனில் கறுப்பு ரப்பருக்கு இரண்டு விளிம்பு இருக்கும். நுனிப்பக்கத்து விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. உள்ளே குமிழி இருந்தால் மருந்து குறையும். குழலை நிமிர்த்தித் தட்டினால் குமிழி மேலேறும், அதைத் தள்ளிவிட்டு மறுபடி உங்கள் அளவுக்கான கோடுவரை இழுங்கள். அரை மி.லி. போன்ற சிறிய அளவுக்கு 1 மி.லி. குழல் வேண்டும், 10 மி.லி. குழலில் அவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. சுவை கசக்கும், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் போய்விடும்.

படி 4: அளவை ஏற்றுவது

பரவலாகப் பின்பற்றும் முறை: முதல் இரண்டு வாரம் 1.5 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 3 மி.கி., அதன்பிறகு 4.5 மி.கி. மருந்துக்கு எளிதில் துவளும் உடல் என்றால் 0.5 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை 0.5 ஏற்றலாம். உங்களுக்கான அட்டவணையை மருத்துவர் தருவார். அதைவிட வேகமாக ஏறாதீர்கள். மூன்றாவது நாளே பலன் தெரியவில்லை என்று 4.5க்குத் தாவுகிறவர் தூக்கம் கெட்டு, ஒரு வாரத்தில் மருந்தையே தூக்கிப்போட்டுவிடுகிறார். சிலருக்கு 3 மி.கி.யே போதும், 4.5ல் வலி கூடுகிறவர்களும் உண்டு. அப்படியானால் நன்றாக இருந்த முந்தைய அளவுக்கு இறங்குங்கள்.

படுக்கப் போகும்போது, இரவு 9 மணிக்கு மேல் எடுப்பது வழக்கம். இரவு வேலை பார்ப்பவர் தம் தூக்கத்துக்குமுன் எடுக்கலாம். நோன்பு காலத்தில் இரவில் எடுப்பதால் பிரச்சினையே இல்லை. ஒரு வேளை தவறினால் விட்டுவிடுங்கள், மறுநாள் இரட்டிப்பு வேண்டாம்.

ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி: தேதி, அளவு, வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூக்கம், வேறென்ன எடுத்தீர்கள். எடுத்துக்காட்டாக, "12ஆம் தேதி, 1.5, வலி 6, தூக்கம் 5, கனவு, பேனடால் 2." தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே எழுத ஆரம்பியுங்கள். பழைய எண் இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து எதனோடு ஒப்பிடுவீர்கள்?

பக்க விளைவுகள்

முதலில் வருவது கனவு. யங்கர் குழுவின் சோதனைகளில் மருந்து எடுத்த காலத்தில் 37 சதவீதத்தினர் தெளிவான, வண்ணமயமான கனவுகளைச் சொன்னார்கள். வெற்று மாத்திரையில் 13 சதவீதம். பயமுறுத்தும் கனவாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் நடு இரவில் விழிப்பு வரும். பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் காலையில் எடுக்க மாற்றிப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் அளவைக் குறையுங்கள்.

தலைவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு, வாய் உலர்தல், பகலில் லேசான பதற்றம் ஆகியவை அடுத்தவை. குமட்டலுக்குச் சிறிது சாப்பிட்ட பிறகு எடுத்துப் பாருங்கள். வயிற்றுப்போக்குக்கு இமோடியம் வேலை செய்யாமல் போகலாம். அதிலுள்ள லோபெரமைடு குடலின் ஓபியாய்டு ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது, அந்த ஏற்பியை எல்டிஎன் அடைத்துவிட்டது. வாய்வழி நீர்ச்சத்துக் கரைசலை நம்புங்கள். கல்லீரல் பாதிப்பு பழைய உயர் அளவு ஆய்வுகளிலிருந்து வந்த எச்சரிக்கை, சிறு அளவில் எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாவது, வலது விலாவுக்குக் கீழ் வலி ஆகியவை வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். மனம் நாளுக்குநாள் இருண்டுபோனாலும் அப்படியே, தாங்கிக்கொள்ள முயலாதீர்கள்.

உடனே 995ஐ அழைக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. ஓபியாய்டு பழகிய உடலில் நால்ட்ரெக்சோன் போனால், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வியர்வை, தொடர் கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், வயிற்றைப் பிசையும் வலி, நிற்காத வாந்தி, இருப்புக்கொள்ளாத தவிப்பு தொடங்கும். மருந்து தந்த விலகல் நிலை என்று இதைச் சொல்வார்கள். தானே அடங்கும் என்று காத்திருக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் ஓபியாய்டு எடுத்துச் சரிசெய்யவும் முயலாதீர்கள். அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு அவசர மருத்துவ வாகனத்தில் கொண்டுபோங்கள். சிறு அளவுதான் எடுத்தோம் என்று சொல்வதோடு எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள்.

முன்பு ஓபியாய்டு பழக்கம் இருந்தவருக்கு இன்னொரு எச்சரிக்கை. அடைத்திருந்த காலத்தில் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடும். மருந்தை நிறுத்திய பிறகு பழைய அளவைத் தொட்டால் மூச்சு நின்றுபோகலாம். இதில் உதவி வேண்டியவர்களுக்கு மனநலக் கழகத்தின் தேசியப் பழக்க அடிமை நிர்வாகச் சேவை இருக்கிறது.

அறுவை சிகிச்சை, பல், விபத்து

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். சிறு அளவை 24 முதல் 72 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வது வழக்கம், நாளை அவர் முடிவுசெய்வார். அறுவைக்குப் பிறகு ஓபியாய்டு வலிநிவாரணி எடுக்கும்வரை எல்டிஎன் கிடையாது. அது முடிந்து எத்தனை நாள் கழித்துத் தொடங்குவது என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: டிராமடால் அட்டையும் எல்டிஎன் பாட்டிலும் ஒரே மேசையில் இருக்கும், இரவு வழக்கப்படி கை பாட்டிலுக்குப் போகும். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் பாட்டிலை வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள்.

கடைவாய்ப் பல் பிடுங்கும் கிளினிக்கிலும் சொல்ல வேண்டும், கோடீன் சேர்ந்த மாத்திரை அங்கேயும் எழுதப்படலாம். விபத்தில் நினைவில்லாமல் போனால் உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது. அடையாள அட்டையோடு ஒரு சிறிய சீட்டு வையுங்கள்: "நால்ட்ரெக்சோன் 4.5 மி.கி. தினமும் இரவு" என்று ஆங்கிலத்தில் எழுதி. மருத்துவர் அதைப் பார்த்தால் ஓபியாய்டு குறைவாக வேலை செய்வதன் காரணத்தை உடனே புரிந்துகொண்டு, நரம்புத் தடை ஊசி, கெட்டமைன் போன்ற வேறு வழிக்கு மாறுவார்.

மூன்று மாதம் கழித்து

முழு அளவுக்கு வந்து 12 வாரம் ஆனதும் நோட்டை எடுத்து, மருந்துக்கு முந்தைய முதல் இரண்டு வாரத்தின் வலி எண்களின் சராசரியையும் கடைசி இரண்டு வாரத்தின் சராசரியையும் பாருங்கள். 6லிருந்து 4க்கு வந்திருந்தால் தொடர்வதற்குக் காரணம் இருக்கிறது. 6லிருந்து 5.7 என்றால் மருந்து வேலை செய்யவில்லை. அதை ஒப்புக்கொண்டு மருத்துவரோடு அடுத்த வழியைப் பேசுங்கள், காசையும் நம்பிக்கையையும் மேலும் கரைக்காதீர்கள். பலன் உண்டா என்று குழப்பமாக இருந்தால் மருத்துவரின் சம்மதத்தோடு இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வலி எண் ஏறுகிறதா என்று நோட்டே காட்டும். நிறுத்தப் படிப்படியாகக் குறைக்கும் தேவை பொதுவாக இல்லை, விலகல் தொல்லையும் வராது. மீதமிருக்கும் கேப்ஸ்யூல்களை பிஸ்கட் டின்னில் போடாமல் மருந்தகத்திலேயே கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். வலிக்கு டிராமடால் எடுக்கும் பாட்டி ஒருநாள் அதே டின்னைத் திறப்பார்.